நாரையின் இரண்டாவது கால்

போன மாதம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் பல்பொடிக் கம்பெனியின் புதுக் கட்டடத்தில் ஒரு விழா நடந்தது. பாக்கெட்டின் மேல் ஒட்டுவதற்கு மினுமினுக்கும் வில்லை ஒன்று வந்திருக்கிறது. சாய்த்துப் பிடித்தால் பச்சை, நிமிர்த்திப் பிடித்தால் நீலம். வெளிநாட்டு இயந்திரத்தில் செய்தது, இதை எந்தக் கொம்பனாலும் காப்பி அடிக்க முடியாது என்று மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கம்பெனியில் வேலை பார்த்து இன்னும் உயிரோடிருக்கிற ஆள் என்ற தகுதியில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போட்டு, போலிகளை ஒழிப்பது பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் "எல்லோரும் நன்றாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். விற்பனைப் பிரிவுப் பையன்களுக்கு ஏமாற்றம். எழுதியாவது கொடுங்கள் என்று விடாமல் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன். படித்த பிறகு கேட்டது தப்பு என்று அவர்கள் நினைத்தால் நான் பொறுப்பில்லை.

நான் செவ்வாப்பேட்டைக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அண்ணன்மார் அதைப் பார்த்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த குற்றத்துக்காக என்னை மட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் நாரை மார்க் பல்பொடி தயாராகிக்கொண்டிருந்தது. முதலில் பொட்டலம் மடித்தேன், பிறகு பார்சல் கட்டினேன், பிறகு பில் எழுதினேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் வக்கீல் வீட்டுக்குக் காகிதம் கொண்டுபோகும் வேலையும் என் தலையில் விழுந்தது. அங்கே காத்திருந்து காத்திருந்தே கொஞ்சம் சட்டம் காதில் ஏறியது. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "ஏகாம்பரம், இனிமே நீதான் மார்க் குமாஸ்தா" என்றார். அப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

முதலாளி பழவேற்காட்டுக்காரர், ரகீம் பாய். பல்பொடியின் மேலுறை ஒரு சதுரத் தாள். அதிலே ஒற்றைக்காலில் நிற்கும் நாரை, பக்கத்தில் இரண்டு கோரைப் புல். வேறு அலங்காரம் கிடையாது. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது நாரை நின்ற அழகைப் பார்த்து முதலாளியே தன் கையால் வரைந்தார் என்பது கம்பெனியின் தல புராணம். மார்க்கைப் பதிவு செய்ய மனுப் போட்டபோது வக்கீல் அதையே சத்தியப் பிரமாணமாக எழுதினார். நகல் எடுத்தவன் நான். பதிவுப் பத்திரம் வந்ததும் கண்ணாடி போட்டு முதலாளி நாற்காலிக்குப் பின்னால் மாட்டினோம்.

இனி என் வேலை: எங்கள் மார்க்கைத் திருடி வரும் போலிகளைப் பிடிப்பது. போலி விற்கும் கடையில் போய் "நாரை மார்க் கொடு" என்று கேட்கக் கூடாது. "பல்பொடி கொடுங்க" என்று மட்டும் கேட்க வேண்டும். கடைக்காரர் கை தானாக எந்தப் பொட்டலத்துக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பேரம் பேசக் கூடாது. வாங்கியதும் இரண்டு பேரைச் சாட்சிக்குப் பிடிக்க வேண்டும். வக்கீல் "கௌரவமான மனிதர்களாகப் பார்" என்பார். சந்தையில் அந்த நேரத்தில் சும்மா இருக்கிற கௌரவமான மனிதர்கள் பெரும்பாலும் நாவிதரும் தபால்காரரும்தான். அவர்கள் எதிரில் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, முத்திரை வைத்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு கோர்ட்டில் ஜட்ஜ் சொல்லும்வரை அந்தப் பொட்டலத்தை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் சாட்சியம் செத்துப் போகும். முதலாளி அறையில் இரும்பு அலமாரி முழுக்க இப்படி அரக்கு வைத்த பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. அவர் அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டுவார்.

முதலாளிக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. கோபம் வரும்போது ஜிப்பாப் பையிலிருந்து சின்ன வெள்ளி டப்பியை எடுத்து, எதிரில் இருப்பவருக்கு ஓர் ஏலக்காய் கொடுப்பார். "வாய்ல போட்டுக்கோப்பா" என்பார். அவ்வளவுதான். ஏலக்காய் வாங்கியவன் அடுத்த வாரம் வேலையில் இருக்க மாட்டான். புதிதாகச் சேர்ந்தவர்கள், இவ்வளவு தங்கமான முதலாளியா என்று மகிழ்ந்து போவார்கள். பழையவர்கள் டப்பி திறக்கும் சத்தம் கேட்டால் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்துவிடுவார்கள்.

முதல் இரண்டு மூன்று வருஷங்களில் வந்த போலிகள் எல்லாம் கோழைத்தனமானவை. நாரையைத் திருடுவார்கள், ஆனால் கேஸ் வந்தால் தப்பிக்க வேண்டும் என்று ஏதாவது ஒன்றை மாற்றி வைப்பார்கள். பொன்னேரியில் ஒருவன் நாரைக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்ற வைத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அவர்களுக்கு எப்படிச் சொல்வது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தை நடுவில், கோட்டும் வேட்டியுமாக, பையைக் கீழே வைத்துவிட்டு ஒற்றைக்காலில் நிற்பேன். "ஒத்தக்கால்ல நின்னா அசல். ரெண்டு கால்ல நின்னா போலி. பாத்து வாங்குங்கம்மா." பெண்கள் சிரித்தார்கள். ஆனால் மறக்கவில்லை. மீஞ்சூரிலிருந்து ஆரம்பாக்கம்வரை எனக்குக் கொக்குக் குமாஸ்தா என்று பெயர் வந்தது. கம்பெனிக்கு விளம்பரச் செலவு என் முழங்கால் வலி மட்டும்தான்.

பிறகுதான் ஒரு கெட்டிக்காரத் திருடன் வந்தான். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எங்கள் வியாபாரம் மாதாமாதம் படுத்துக்கொண்டே போனது. ஆனால் நான் போய்ப் பார்த்தால் கடைக்குக் கடை நாரை மார்க் நிறைய இருந்தது. ஒற்றைக்கால், கோரைப் புல், எல்லாம் அப்படியே. தாள் மட்டும் சற்று முரடு, மை சற்றே ஊறியிருந்தது. எங்கள் கம்பெனி அனுப்பாத சரக்கு. வழக்கம் போல வாங்கினேன், சாட்சி பிடித்தேன், அரக்கு வைத்தேன். கடைக்காரர்களைக் கேட்டால், சைக்கிளில் ஓர் ஆள் கொண்டுவந்து போடுகிறான், கம்பெனி ஆள்தானே என்பார்கள். அலமாரியில் அரக்குப் பொட்டலங்கள் கூடிக்கொண்டே போயின. வடக்கே ஒருவர்கூட எங்கள் சரக்கைக் கேட்கவில்லை.

முதலாளி ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டார். டப்பியை மேஜை மேல் வைத்திருந்தார், திறக்கவில்லை.

"பொங்கலுக்குள்ள ஆளப் புடிச்சிக்கினு வந்துடு ஏகாம்பரம். இல்லன்னா பொட்டலம் மடிக்கிற மேஜ காலியா கீது."

எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளை கம்பெனியில் ஆபீசர் என்று சொல்லியிருந்தார்கள். பொட்டலம் மடிக்கப் போனால் அந்தக் கல்யாணம் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

வக்கீலும் முதலாளியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு யோசனை செய்தார்கள். திருடன் நம் உறையை அப்படியே எடுக்கிறான். அப்படியானால் அவன் எதிர்பார்க்காத மாதிரி உறையை மாற்றிவிட வேண்டும். எப்படி மாற்றுவது என்று ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் முதலாளி சொன்னார்: "இன்னொரு காலையும் எறக்கி உட்டுடலாம்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கை டப்பியின் பக்கம் போனது. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு கால் நாரையோடு புது உறை வந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து, சுற்றிலும் சிவப்பு வளையம், 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று ஒரு வரி. அதைப் பையில் நிரப்பிக்கொண்டு, இனி இரண்டு கால்தான் அசல் என்று ஊர் ஊராகச் சொல்ல என்னை அனுப்பினார்கள். இரண்டு காலில் நின்று அதைச் சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சில கடைக்காரர்கள் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள். பொன்னேரியில் ஓர் அம்மாள், "இன்னா ஐயா, உடம்பு சரியில்லியா?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள்.

எளாவூரில்தான் மாட்டிக்கொண்டேன். ஆந்திரா பிரிந்த பிறகு அங்கே கல்கத்தா ரோட்டில் செக்போஸ்ட் வந்திருந்தது. மதுவிலக்குக் காலம், அதனால் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். ரயிலில் இறங்கி ரோட்டுக்கு வந்த என் பையைப் போலீஸ்காரர் திறந்தார். சாராயம் இல்லை, பல்பொடி இருந்தது. அவர் மூட முற்பட்டபோது பக்கத்துப் பெட்டிக் கடையிலிருந்து செஞ்சய்யா ஓடி வந்தார். லாரி டிரைவர்களுக்கு டீயும் பீடியும் பல்பொடியும் விற்பவர். போன வருஷம் அவர் கடை வாசலில்தான் நான் ஒற்றைக்காலில் ரொம்ப நேரம் நின்று காட்டினேன். மனிதர் அதை வேதமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"சார், உடாதீங்க இந்தாள. இது போலி. ரெண்டு காலு. இவுருதான் எனுக்குச் சொன்னாரு, ரெண்டு கால்ல நின்னா போலின்னு. இப்ப இவுரே அதத் தூக்கிக்கினு வந்து நிக்கிறாரு."

"நான் கம்பெனி ஆளு, செஞ்சய்யா" என்றேன்.

"கம்பெனி ஆளாதான் இருந்தே நைனா. நல்ல மனுசனாதான் இருந்தே. இன்னா டப்பு குடுத்தாங்களோ, திருடன்கூட சேந்துக்கினியே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். என் வாழ்நாளில் எங்கள் மார்க்குக்கு அவ்வளவு விசுவாசமான இன்னொரு மனிதனை நான் பார்க்கவில்லை. அந்த விசுவாசம் என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

சப் இன்ஸ்பெக்டர் இளைஞர், பொறுமைசாலி. என் பையிலிருந்த பொட்டலத்தையும் செஞ்சய்யா கொடுத்ததையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"ஒத்தக்கால்தான் அசல்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"இப்ப ரெண்டு கால்தான் அசலுன்றே?"

"ஆமா சார்."

"அப்ப ஏதோ ஒண்ணு பொய்."

"ரெண்டும் நெசம் சார். அப்ப அது நெசம், இப்ப இது நெசம்."

"எப்டி நின்னே? நின்னு காட்டு பாப்போம்."

நின்று காட்டினேன். ஏட்டையா, பாரா நிற்பவர், செஞ்சய்யா எல்லோரும் பார்த்தார்கள். கம்பெனி ஆள் என்பதற்கு சப் இன்ஸ்பெக்டர் அத்தாட்சி கேட்டார். முதலாளி கையெழுத்துப் போட்ட அடையாளக் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. தெம்பாக எடுத்து நீட்டினேன். கடிதத் தலைப்பில் எங்கள் நாரை பழையபடி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. புதுக் கடிதத் தாள் இன்னும் அச்சாகவில்லை. சப் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிதத்தை மடித்துத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு உட்காரப் பெஞ்சு கிடைக்கவில்லை. திருவள்ளூருக்குத் தகவல் போனது. நான் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

மத்தியானத்துக்கு மேல் முதலாளி வாடகைக் காரில் வந்து இறங்கினார். வெள்ளை ஜிப்பா கசங்கவே இல்லை. சப் இன்ஸ்பெக்டருக்கு சலாம் சொல்லிவிட்டு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பாய், இதுல எது உங்களுது?" என்று சப் இன்ஸ்பெக்டர் இரண்டு பொட்டலங்களையும் நகர்த்தினார். ஒன்று என் பையிலிருந்தது. இன்னொன்று செஞ்சய்யா கடையிலிருந்து எடுத்தது, பிரித்தது, பாதி தீர்ந்தது. அவர் பல் தேய்க்கிற பொட்டலம். அதற்கு அரக்கு கிடையாது, முத்திரை கிடையாது, கோர்ட்டுக்குப் போகிற யோக்கியதையும் கிடையாது.

முதலாளி இரண்டு கால் பொட்டலத்தின் மேல் விரலை வைத்தார். அத்தோடு வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் செஞ்சய்யா விடவில்லை.

"இவுரும் அந்தக் கும்பல்தான் சார். நெசமான மொதலாளின்னா தேச்சுப் பாக்கச் சொல்லுங்க. நாக்கு சொல்லிரும்."

முதலாளி சிரித்தபடியே செஞ்சய்யாவின் பொட்டலத்திலிருந்து சிட்டிகை எடுத்து ஆள்காட்டி விரலால் பல்லில் தேய்த்தார். இத்தனை வருஷமாக அலமாரியில் அடுக்கி வைத்த போலிகளில் ஒன்றைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. வைக்க முடியாது, எல்லாம் அரக்குக்குள் இருந்தன. தேய்த்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். வெளியே போய்த் துப்பவில்லை. விரலைப் பார்த்தபடி, "சிப்பி" என்றார்.

எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பொடியில் பழவேற்காட்டு ஏரிச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து இடித்துத் துணியில் சலித்துச் சேர்ப்பார்களாம். நான் சேர்ந்தபோது அதெல்லாம் போய், மதராஸிலிருந்து மூட்டையாக வரும் சீமைச் சுண்ணாம்பு வந்துவிட்டது. பழைய பக்குவம் இன்னதென்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். இன்னொருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னா பாய், எது அசலு?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

முதலாளி டப்பியைத் திறந்தார். ஆனால் அவர் ஏலக்காயை யாருக்கும் கொடுக்கவில்லை. தன் வாயில் போட்டுக்கொண்டார். அதை நான் அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

"ரெண்டும் எங்க ஊட்டுதுதான் சார். கேஸ் இல்ல. இவர உட்டுடுங்க."

செஞ்சய்யா, "பாத்தீங்களா, சொன்னேன் இல்ல" என்று எதற்காகவோ வெற்றியோடு தலையாட்டினார். என்னை விட்டார்கள்.

கார் திருவள்ளூருக்குப் போகவில்லை. பொன்னேரியில் திரும்பிப் பழவேற்காட்டுக்குப் போனது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் முன்னால் இறங்கினோம். முற்றத்தில் பாயில் சிப்பி காய்ந்துகொண்டிருந்தது. நான்கைந்து பெண்கள் உரலில் இடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். முதலாளி கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். உள்ளறைக் கதவில் திரை தொங்கியது.

"அண்ணி" என்றார் முதலாளி.

திரைக்குப் பின்னாலிருந்து பெண் குரல் வந்தது. "வா தம்பி. இத்தினி நாளா வருவேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். டீ போடச் சொல்லட்டா?"

அது மைமூன் பீவி. முதலாளியின் அண்ணன் காதர் என்பவரின் மனைவி. அப்படி ஓர் அண்ணன் இருந்ததே எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து இந்த வீட்டு முற்றத்தில்தான் பல்பொடி ஆரம்பித்திருக்கிறார்கள். காதர் இறந்த பிறகு தம்பி தொழிலைத் திருவள்ளூருக்கு எடுத்துப் போனார், மார்க்கைத் தன் பெயரில் பதிவு செய்தார். அண்ணி கையில் பிள்ளைகளும் உரலும் மிஞ்சின.

"நெறைய பேரு போலி பண்றாங்க அண்ணி. நீங்களுமா?" என்றார் முதலாளி. குரல் மெலிந்திருந்தது.

திரை விலகவில்லை. அதன் அடியிலிருந்து ஒரு கை வந்து, ஒரு மரக்கட்டையைத் தரையில் வைத்துத் தள்ளியது. துணியில் பூ அச்சடிக்கிற மாதிரிக் கட்டை, மை ஏறிக் கறுத்தது. அதில் நாரை ஒற்றைக்காலில் நின்றது. அதன் முன்னால் எங்கள் கம்பெனி நாரை வெறும் நிழல் மாதிரி.

"இது அவுரு வரைஞ்சி, ஆசாரி செதுக்கினது. இதுலர்ந்து எடுத்துதான் நீ மதராஸ்ல அச்சு பண்ணே. அப்ப எது அசலு, எது போலி? நீயே சொல்லு தம்பி."

முதலாளி தலை குனிந்து கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். சத்தியப் பிரமாணத்துக்கு நகல் எடுத்த என் கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது.

"அப்றம் நீயே ஒத்தக்கால வாணாம்னு தூக்கிப் போட்டே. நான் எடுத்து வச்சிக்கினேன்" என்றது திரை. கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "கூட வந்துக்கிறது யாரு? சந்தையில ஒத்தக்கால்ல நிப்பாரே, அவரா? அவருக்கு ஒரு டீ ஜாஸ்தியா குடுங்க. எம்மா பாடுபட்டு என் சரக்க வித்துக் குடுத்தாரு."

இரண்டு வருஷம் நான் ஒற்றைக்காலில் நின்றது யாருக்காக என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டீ நன்றாகவே இருந்தது.

மைமூன் பீவி குரலைத் தாழ்த்தினார். "மார்க்கு உன் பேர்ல கீது. போலீஸ இட்டுக்கினு வா. கட்டைய எடுத்துக்கினு போ, ஒரல எடுத்துக்கினு போ, நான் தடுக்க மாட்டேன். இந்தப் பொம்பளைங்கள வச்சிக்கினு நான் வேற இன்னாத்தயாவது இடிச்சிக்கிறேன். ஆனா இந்தக் கொக்க வரைஞ்ச கை யாருதுன்னு ஒரே ஒரு எடத்துல எழுதிட்டு எடுத்துக்கினு போ. அவரு பேரு இந்த ஊட்டத் தாண்டி எங்கயுமே இல்ல தம்பி."

முதலாளி அழுதார். சத்தம் இல்லை. என் எதிரில் அழுகிறோம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த பயம் அன்றோடு போய்விட்டது, அதற்குப் பதிலாக வந்தது என்ன என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுவாரம் வக்கீலிடம் போனோம். அண்ணன் பெயரை உறையில் போட வேண்டும் என்று முதலாளி சொன்னதும் வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீங்களே வரைந்ததாகச் சத்தியம் செய்திருக்கிறீர்கள். உறையிலேயே வேறு ஆள் பெயர் போட்டால் எதிராளி அதைக் காட்டியே பதிவை உடைத்துவிடுவான். பிறகு ஊரில் இருக்கிற எல்லாத் திருடனும் நாரைக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான்." சட்டப்படி அவர் சொன்னது சரி. முதலாளி உறையைத் திருப்பிப் பார்த்தார். "மேல போட்டாதானே தெரியும்? உள்பக்கம் போட்டுடலாம்" என்றார்.

அப்படித்தான் வந்தது. நாரையின் இரண்டாவது காலை மறுபடி தூக்கிவிட்டோம். உறையின் உள்பக்கம், பொடி தொடுகிற இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: 'இந்த நாரையை வரைந்தவர் பழவேற்காடு காதர்.' வடக்குப் பக்கத்துக்கு வேண்டிய பொடியை மைமூன் பீவியின் முற்றத்திலிருந்தே அனுப்புவது, உறை மட்டும் திருவள்ளூரிலிருந்து போவது என்று ஏற்பாடு. முதல் கட்டு உறையை நான்தான் கொண்டுபோனேன். திரைக்கு அடியில் ஒன்றை நீட்டினேன். உள்ளே யாரோ படித்துக் காட்டினார்கள்.

"உள்ளயா போட்டான்?" என்றார் மைமூன் பீவி. தாள் மறுபடி மடிபடும் சத்தம் கேட்டது. பிறகு, "பரவால்ல. பொடி தீந்தவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. செஞ்சய்யாவுக்குப் பத்திரிகை வைத்தேன். வந்து, பெண் வீட்டாரிடம் என்னை ஸ்டேஷனில் பிடித்துக் கொடுத்த கதையைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் ரிடையர் ஆகும்வரை எத்தனையோ போலிகள் வந்தன. மதராஸ் அச்சு, சிவகாசி அச்சு, நாரையின் அலகு வளைவுகூடப் பிசகாத அச்சு. மேலே பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும். கூட ஒன்று வாங்கிப் பிரித்து உள்பக்கம் பார்ப்பேன், வெறும் தாளாக இருக்கும். திருடுகிறவன் மேலுறையை மட்டும்தான் பார்த்தான், ஒரு பொட்டலத்தையாவது கடைசிவரை தேய்த்துத் தீர்த்துவிட்டுத் தாளை விரித்துப் பார்க்கவில்லை. வக்கீல் சொன்ன கையெழுத்து, சிவப்பு வளையம், எச்சரிக்கை வரி எதுவும் எங்களைக் காப்பாற்றியதில்லை. பாவத்துக்குப் பரிகாரமாக யாருக்கும் தெரியாமல் போட்ட அந்த ஒரு வரிதான் ஒவ்வொரு முறையும் காப்பாற்றியது. பழக்கமான கடைக்காரர்களிடம் ரகசியமாக அதைச் சொல்லிவைத்தேன். காதர் பெயர் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. கோர்ட்டில் காட்டினால் பழைய சத்தியம் பொய்யாகிவிடும் என்பதால், அந்த அவசியம் வந்தபோதெல்லாம் முதலாளி கேஸை ராஜி செய்துகொண்டார். அவர் கடைசிவரை எனக்கு ஏலக்காய் கொடுக்கவில்லை.

போன மாத விழாவில் சால்வையோடு ஒரு பையும் கொடுத்தார்கள். அதில் வில்லை ஒட்டிய புது பாக்கெட் இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய பழக்கத்தில் பொடியைத் தட்டில் கொட்டிவிட்டு உறையை விரித்தேன். உள்பக்கம் வெள்ளை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். அச்சுப் பிரிவிலிருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். "அத எடுத்துட்டோம் சார். வில்லைக்கு ஆவுற செலவ எங்கயாவது கொறைக்கணும் இல்லியா? உள்ள யாரு சார் பாக்குறாங்க?"

போனை வைத்துவிட்டு, பொடியைத் திரும்ப உறையில் போட்டு மடித்தேன். வில்லை சாய்த்தால் பச்சையாகவும் நிமிர்த்தினால் நீலமாகவும் நன்றாகத்தான் மின்னியது. வேட்டித் துண்டில் சுற்றி, நூல் கட்டினேன். பெட்டியடியில் கிடந்த பழைய அரக்கைத் தேடி எடுத்து உருக்கி முடிச்சில் சொட்டவிட்டேன். சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "இன்னாது இது?" என்றாள். மேலே 'போலி' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். என் வாழ்நாளில் உள்ளே பார்த்துவிட்டு நான் அரக்கு வைத்த பொட்டலம் அது ஒன்றுதான்.